விருந்தாளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். என் கட்டிலில் படுத்திருப்பவர் மிகமிக நலம். கூடத்துத் தரையில் கிடக்கும் நான், முதுகு நீங்கலாக நலம்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எந்த விருந்தாளி மறுநாளே கிளம்புவார், எவர் கூடாரம் அடிப்பார் என்பதை வாசலிலேயே கண்டுபிடிக்க வழி சொன்னீர்களே, "ரொம்ப சுலபம் மச்சான். பெட்டி எவ்வளவு கனம், வீட்டை எத்தனை தடவை புகழ்றாங்க, இந்த ரெண்டு போதும். பழைய விருந்தாளிங்களைத் தாள்ல புள்ளியா வைங்க. நடுவுல ஒரு நேர்கோடு போடுங்க. இந்தப் பக்கம் விழுந்தா போயிடுவாங்க, அந்தப் பக்கம் விழுந்தா போகமாட்டாங்க" என்று? போட்டேன். கதவுக்குப் பின்னால் எடை பார்க்கும் கருவியையும் வைத்தேன்.

முதலில் வந்தவர் என் மனைவியின் சித்தப்பா. பெட்டி பஞ்சு மாதிரி இருந்தது. "என்ன வீடு இது, காத்தே வரலையே!" என்றார். புகழ்ச்சி பூஜ்யம். கிளம்புகிற பக்கம்தான், சந்தேகமே இல்லை. ஒரு ராத்திரிதானே என்று என் கட்டிலையே தாராளமாகக் கொடுத்தேன். ஒரு மாதம் ஓடிவிட்டது. பெட்டி ஏன் கனக்கவில்லை என்பது, மறுநாள் அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது புரிந்தது. உங்களுக்குப் போன் செய்தால், "ஒரு புள்ளி தப்புறது சகஜம் மச்சான். புகழ்ச்சிக்குக் கொஞ்சம் மதிப்பைக் கூட்டி, கோட்டைச் சாய்ங்க" என்கிறீர்கள். உங்களுக்கு அது புள்ளி. எனக்கு அது குறட்டை விடுகிறது.

சாய்த்தேன். அடுத்து மனைவியின் அக்கா வந்தார். தூக்க முடியாத பெட்டி. "அடடா, என்ன வெளிச்சம்! என்ன சுத்தம்!" என்று படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார். புள்ளி தாளைத் தாண்டி மேஜையில் விழுந்தது. வாசலை அடைத்து நின்றுகொண்டு, "வீட்ல வெள்ளையடிக்கிறோம், தண்ணியும் வரல" என்றேன். "சரி தம்பி, நான் கிளம்பறேன்" என்று முகம் சுண்டிப் போய்விட்டார். சாயங்காலம்தான் தெரிந்தது: அவர் வந்ததே சித்தப்பாவைத் தன் வீட்டோடு அழைத்துப் போகத்தான்! பெட்டி நிறைய அவருக்குப் புதுத் துணி.

"அளந்தீங்களே, எதுக்கு வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. தாளில் அதற்கு இடமில்லை என்றேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டிலும் இடமில்லை.

தாளைக் கிழித்துவிட்டேன். தயவுசெய்து இந்த வித்தையை மாணவர்களுக்காவது சொல்லித் தராதீர்கள். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தரைமட்டத்திலிருந்து,
உங்கள் மச்சான்.

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் கோபத்தில் எழுதியது, மறந்துவிடுங்கள். உங்கள் கோடு அற்புதமான கோடு. தங்கை வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். சித்தப்பா நாளைக் காலை வண்டியில் அங்கே வருகிறார். பதறாதீர்கள் மாப்பிள்ளை, உங்கள் கணக்குப்படி அவர் ஒரு ராத்திரிக்காரர்தான்.