இருநூற்று எழுபத்து நான்கு கிராம்

2005ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஊருக்கு வெளியே உள்ள ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் இருந்தவர்கள் வருமாறு. மோட்டார் வாகன ஆய்வாளர் மலைச்சாமி ஒருவர். எழுத்தர் சத்யப்ரியா ஒருவர். சுங்குடிச் சேலை வியாபாரக் குடும்பத்தின் இளைய வாரிசு வெங்கடேஷ்பாபு ஒருவர். இரண்டு நாளில் அவருக்கு மாமனார் ஆகவிருந்த ராஜாராம் ஒருவர். மெக்கானிக் செல்வக்குமார் ஒருவர். வாசலில் கொய்யாப்பழம் விற்கும் முத்துத்தாய் ஒருவர். லைசென்சுக்கு எட்டுப் போட வந்தவர்கள் பதினாறு பேர். அவர்களில் இருவர் அதற்குள் விழுந்திருந்தார்கள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் நான் ஒருவன். ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். நான் அங்கேதான் பிழைக்க வேண்டும்.

இது நீங்கலாக ஒரு கார் நின்றது. சிவப்பு. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இருக்கை இரண்டே இரண்டு. சென்னையில் ஒருவர் ஓட்டிச் சலித்த பிறகு வெங்கடேஷ்பாபு வாங்கியது. மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் போகும் என்று அதன் மீட்டரில் எழுதியிருந்தது. கீழவாசலில் அது ஒரு வெங்காயத் தள்ளுவண்டிக்குப் பின்னால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் நம் ஊர் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் எடை குறைப்பது நாகரிகமாக இருந்தது. தங்கள் எடையை அல்ல, வண்டியின் எடையை. வெங்கடேஷ்பாபு இன்டர்நெட்டில் தேடி, கடல் கடந்து ஒரு ஹேண்ட் பிரேக் லிவர் வரவழைத்தார். கார்பனால் செய்தது. கார்பன் என்பது கறுப்பாக, பாய் முடைந்தது போலக் கட்டங்கட்டமாக இருக்கும். எடை குறைவு. விலை குறைவு அல்ல. காரோடு வந்த பழைய லிவர் நானூற்றுப் பன்னிரண்டு கிராம். புதியது நூற்று முப்பத்தெட்டு. மிச்சம் இருநூற்று எழுபத்து நான்கு கிராம். செல்வக்குமார் அதை மாட்டிக் கொடுத்தார். கார் முன்னைவிட வேகமாகப் போவதாக வெங்கடேஷ்பாபு சொன்னார். அவர் எடை தொண்ணூற்றெட்டு கிலோ.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ராஜாராம் மாநகராட்சியில் முப்பத்து நான்கு வருடம் எழுத்து வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு. அந்தக் காரில்தான் வருவேன் என்று மாப்பிள்ளை சொன்னார். வண்டியில் செய்த மாற்றத்துக்கு உத்தரவு இருக்கிறதா என்று மாமனார் கேட்டார்.

"யாரு மாமா இதையெல்லாம் கேக்கப் போறா?"

"நான் கேக்கிறேன். உத்தரவு இல்லாத வண்டி என் மண்டபத்து வாசலுக்கு வந்தா, மாலையோட திருப்பி அனுப்புவேன்."

"அந்த வண்டி இல்லேன்னா நானும் வரல."

இப்படியாக, ஆயிரத்து இருநூறு பத்திரிகை கொடுத்த ஒரு கல்யாணம், ஒரு முழத்துக்கும் குறைவான ஒரு கறுப்புத் தண்டில் வந்து தொங்கியது. இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். யாரும் கேட்காததை வலியப் போய் அரசாங்கத்திடம் கேட்டது அந்த வருடம் மதுரையில் அவர்கள் மட்டும்தான் என்பது என் கணிப்பு.

ஆய்வாளர் மலைச்சாமி மனுவை இரண்டு முறை படித்தார். அவருடைய பணிக்காலத்தில் அப்படி ஒரு மனு வந்ததில்லை.

"பழைய லிவர் ஒடிஞ்சிருச்சா?"

"இல்ல சார்."

"பிடிக்கலையா?"

"நல்லாப் பிடிச்சுச்சு சார்."

"அப்புறம் எதுக்குய்யா மாத்துனீங்க?"

"வெயிட்டு சார். இருநூத்தி எழுபத்தி நாலு கிராம் குறைஞ்சிருக்கு."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மலைச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தார். அதில் வண்டியின் வெறும் எடை ஆயிரத்து நாற்பது கிலோ என்று இருந்தது.

"அப்ப இந்தப் புத்தகத்துல இருக்கிறது பொய்யின்னு ஆகுது. சத்யப்ரியா, திருத்தி எழுதும்மா."

சத்யப்ரியா கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஆயிரத்து முப்பத்தொன்பது புள்ளி ஏழு ரெண்டு ஆறு வருது சார். புள்ளி வைக்கக் கட்டம் இல்ல."

"கட்டத்துக்கு வெளிய எழுது."

"கட்டத்துக்கு வெளிய எழுதுனா அடிச்சுத் திருத்துனதா ஆகும் சார். ஆடிட்டுல கேப்பாங்க."

ராஜாராம் தலையை ஆட்டினார். முப்பத்து நான்கு வருடத்தில் அவரும் கட்டத்துக்கு வெளியே எழுதியதில்லை.

மேற்படி வாகனத்தின் எடை முழு எண்ணாக இருந்தாக வேண்டும் என்று அரை மணி நேரத்தில் முடிவானது. அதற்கு வழிகள் இரண்டு. குறைத்த இருநூற்று எழுபத்து நான்கு கிராமைத் திரும்பச் சேர்ப்பது ஒன்று. மேற்கொண்டு எழுநூற்று இருபத்தாறு கிராம் குறைத்து, ஒரு கிலோவாக முழுமை செய்வது மற்றொன்று.

"ஒரு கால் கிலோ கல்லைக் கட்டிவிட்டா முடிஞ்சுச்சு சார். கூட ஒரு இருபத்தி நாலு கிராமுக்கு நட்டு போட்டுக்கிரலாம்" என்றார் செல்வக்குமார்.

"டேய் மாப்ள, கல்லைக் கட்டவாடா நான் கார்பன் வாங்குனேன்? குறைச்சே காட்டுவோம்" என்றார் வெங்கடேஷ்பாபு. அதற்குள் அவர் நான்காவது கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முத்துத்தாய் என்னைப் பார்த்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏங்கய்யா, அந்தத் தம்பி வந்ததுலருந்து முக்காக் கிலோ பழம் உள்ள தள்ளியிருக்கு. அதை எதுலருந்து கழிப்பாக?" என்று கேட்டார்.

"ஓட்டுநர் எடை சேராதும்மா. வெறும் எடைதான் கணக்கு" என்றார் மலைச்சாமி.

"அப்ப யாரும் ஏறாட்டித்தான் அந்த வண்டி வேகமாப் போகுமாக்கும்."

இதற்குச் சட்டத்தில் இடம் இல்லாததால், மலைச்சாமி தராசு கேட்டார்.

தபால் பிரிவில் கடிதம் நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. சத்யப்ரியா அதைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி நிறுத்தார்கள். சிகரெட் சாம்பல் கிண்ணம், நூற்றுப் பதினெட்டு கிராம். சிகரெட் பற்றவைக்கும் குமிழ், முப்பத்திரண்டு. கால்மிதி இரண்டும் சேர்ந்து நானூற்றுப் பத்து. அடுத்து வெங்கடேஷ்பாபு முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையார் மேல் கை வைத்தார்.

"பிள்ளையாரைத் தொட்டீங்கன்னா கல்யாணம் நின்னுபோகும்" என்றார் ராஜாராம்.

"பிரேக்கு இருக்கையில பிள்ளையார் எதுக்கு மாமா?"

"இந்த ஊர்ல வண்டி நிக்கிறது எதனாலன்னு நினைச்சீங்க?"

பிறகு இருவரும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரியாது. ஒன்பது நிமிடம் பேசினார்கள். நடுவில் ராஜாராமின் செல்போன் அடித்தது. மணப்பெண் ரம்யாஸ்ரீ. ராஜாராம் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. அலுவலகத்துக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ, மணப்பெண் தமிழிலேயே பேசினார்.

"மருதாணி வைக்கிறவங்க வந்து ஒரு மணி நேரமா உக்காந்திருக்காங்க. கல்யாணம் உண்டா இல்லையான்னு அந்த ஆபீஸ்ல கேட்டு, எழுத்துலயே வாங்கிட்டு வந்திருங்க."

பிள்ளையாரை விட்டுவிட்டார்கள். அவருக்குப் பதில், சக்கரம் கழற்றும் ஸ்பேனர் ஒன்றை எடுத்தார்கள். நூற்று நாற்பத்தெட்டு. ஆக எழுநூற்று எட்டு. இன்னும் பதினெட்டு கிராம் வேண்டும். மணி நான்கு நாற்பது. ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் பூட்டிவிடும். மறுநாள் மலைச்சாமிக்கு விடுப்பு. அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள்.

"ஏதாவது பாருடா மாப்ள" என்று வெங்கடேஷ்பாபு கிட்டத்தட்ட அழுதார்.

செல்வக்குமார் வண்டிக்குள் தலையை விட்டார். மூன்று நிமிடத்தில் வெளியே வந்து மூன்று போல்ட்டுகளைத் தராசில் வைத்தார். ஒவ்வொன்றும் ஆறு கிராம். முள் சரியாக நின்றது.

"எதுல கழட்டுன?" என்றார் மலைச்சாமி.

"வெளிய தெரியாத எடம் சார்."

வெளியே தெரியாது என்றால் ஆட்சேபணை இல்லை. "மேற்படி வாகனத்தில் மூன்று போல்ட்டுகள் உள்ளிட்டவை நீக்கப்பட்டு, எடை ஆயிரத்து முப்பத்தொன்பது கிலோவாகச் சீரமைக்கப்பட்டதை ஏற்று உத்தரவிடப்படுகிறது" என்று சத்யப்ரியா அழகான கையெழுத்தில் எழுதினார். மலைச்சாமி முத்திரை குத்தினார்.

"சார், பிரேக்கு பிடிக்குதான்னு பாக்கலையே?" என்று கேட்டார் ராஜாராம்.

"மனுவுல அது கேக்கலையே. அதுக்கு வேற ஃபாரம்."

அந்த மூன்று போல்ட்டுகளும் ஹேண்ட் பிரேக் லிவரைத் தரையோடு பிணைத்திருந்தவை. அந்த இடம் ஏற்கெனவே திறந்து கிடந்ததால், செல்வக்குமாருக்குக் கையில் அகப்பட்டது அதுதான். ஐந்து இருந்தது, இரண்டு மிச்சம். நான் எண்ணிக்கொண்டேன். சொல்லியிருப்பேன். ஆனால் பெரிய மனிதர்கள் நடுவில் நாமாகப் போய்ப் பேசுவது எனக்குப் பழக்கம் இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

சந்தோஷத்தில் மாப்பிள்ளை எனக்கும் முத்துத்தாய்க்கும் பத்திரிகை கொடுத்தார். போனோம். ஊர்வலத்தில் அந்தக் கார் நாதஸ்வரக்காரருக்கு நான்கு அடி பின்னாலேயே வந்தது. அவர் நின்றால் நின்றது. மண்டபத்து வாசலில், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் சரிவு கட்டியிருந்தார்கள். சரிவின் மேல் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். கார் சரிவில் பாதி ஏறி நின்றது. மாப்பிள்ளை இறங்க வேண்டும். இறங்குவதென்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். அவர் கார்பன் லிவரை ஒரு கம்பீரத்தோடு இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

கார் பின்னால் உருளத் தொடங்கியது. கியர் என்று ஒன்று இருப்பது அந்நேரம் யாருக்கும் நினைவு வரவில்லை. சக்கரத்துக்கு வைக்கக் கல் தேடினார்கள். புது மண்டபம், சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். உறவினர்கள் மூன்று பேரும் ராஜாராமும் பின்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். ராஜாராமின் சட்டைப் பையில் உத்தரவு இருந்தது. இரண்டு கையும் காரில் இருந்தன. ஆரத்தியும் வீடியோவும் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று.

"மாமா, நல்லாப் பிடிங்க" என்றார் மாப்பிள்ளை.

"உத்தரவு இருக்கு மாப்பிள்ளை, பயப்படாதீங்க" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டே.

கல்யாணம் நடந்தது. ஒரு குறையும் இல்லை. லட்டு இரண்டு வைத்தார்கள்.

இதன் பிறகுதான் கோளாறு. கழுத்தில் மாலை, கையில் கார்பன் லிவர், முகத்தில் திகில் என்று மாப்பிள்ளை நின்ற படத்தை ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் மாட்டினார். திகிலைப் பார்த்தவர்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் வாடிப்பட்டியிலிருந்தும் எழுமலையிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். மொத்தம் பதினொரு வண்டி. அதில் ஒன்று டிராக்டர். எல்லோருக்கும் எடை சீரமைத்த உத்தரவு வேண்டும்.

அலுவலகத்தில் முன் உத்தரவு ஒன்று இருந்தால் அதை மாற்ற முடியாது. அதில் மூன்று போல்ட்டுகள் நீக்கப்பட்டதாக எழுதியிருந்ததால், வந்த வண்டி ஒவ்வொன்றிலும் மூன்று போல்ட்டுகள் நீக்கப்பட்டன. "எதுல கழட்ட?" என்று டிராக்டர்காரர் கேட்டார். "வெளிய தெரியாத எடமாப் பாருங்க" என்றார் மலைச்சாமி.

கழற்றியவற்றை வைக்க, இருப்புப் பதிவேட்டில் போல்ட்டுக்கு என்று பக்கம் இல்லை. "நீங்களே வச்சிருங்கய்யா. இங்க சரியா எண்ணுறது நீங்க ஒருத்தர்தான்" என்று சத்யப்ரியா என்னிடம் கொடுத்துவிட்டார். எந்த வண்டியில் கழற்றியது என்று எழுதி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடலாம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எல்லா வண்டிகளும் உத்தரவோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. சாலையைக் கடக்கும்போது நீங்கள்தான் பார்த்துக் கடக்க வேண்டும்.

என்னிடமும் ஒரு பழைய மொபெட் இருக்கிறது. ஊரே எடை குறைக்கும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? போன மாதம் நானும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். உத்தரவு வந்துவிட்டது. வளைவில் கொஞ்சம் ஆடுகிறது.

முதல் காரில் மூன்று. பதினொரு வண்டியில் முப்பத்து மூன்று. என்னுடையது மூன்று. ஆக முப்பத்தொன்பது. ஆய்வாளரின் நாற்காலி ஆடுகிறது என்று இரண்டு எடுத்து அதற்குப் போட்டோம்.

மீதி முப்பத்தேழு.