போர்மேன் பையில் தீப்பெட்டி

குடிக்கிறவன் எவனும் தன்னைக் குடிகாரன் என்று ஒத்துக்கொண்டதில்லை. நானும் ‘அசதிக்கு லேசா’ கட்சிதான். திருத்தங்கலில் எங்கள் தெருவே மூக்கைப் பொத்தும். நான் மட்டும் ஏலக்காய் மென்றுகொண்டு யோக்கியனாக நடப்பேன். (நெனப்புதான் பொழப்பைக் கெடுக்கும்!)

அப்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் வாசலில் நின்று எல்லோரையும் சோதிப்பது என் வேலை. பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. என் மனைவி செல்வியும் அங்கேதான் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைத்தாள். அவள் சாப்பாட்டுப் பையைக்கூட விடமாட்டேன். என்னைச் சோதிக்கத்தான் ஆள் கிடையாது. போர்மேனை யார் தொடுவது?

தீபாவளி சீசன். முந்தின நாள் ‘லேசா’ கொஞ்சம் பலமாகிவிட்டது. காலையில், போட்டுப் படுத்த சட்டையோடே வேலைக்கு வந்துவிட்டேன். வாசலில் ஒருவன் மடியில் பீடிக்கட்டு அகப்பட்டது. விடுவேனா? “ஏலே, ஒன் ஒருத்தனால அம்புட்டுப் பேரும் கரிக்கட்டையாகணுமா?” கத்திய கத்தில் எனக்கே தலை விண்ணென்று வலித்தது.

பிறகு செல்வி இருந்த அறைக்குப் போனேன். நாலு பெண்கள், நடுவில் மருந்து. வேலையைப் பார்க்கக் குனிந்தேன். என் சட்டைப் பையிலிருந்து ஏதோ நழுவி அவள் மடியில் விழுந்தது.

தீப்பெட்டி.

ஆத்தாடி! யாரும் அலறக்கூட இல்லை. ஒவ்வொருவராக எழுந்து பூனை மாதிரி வெளியே போனார்கள். செல்வி அதை முந்தானையில் பொத்தி, வேலி ஓரம் கொண்டுபோன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“யாருதுங்க இது?”

“தெரியல செல்வி.”

“பீடியே குடிக்க மாட்டீகளே, எப்படி வந்துச்சு?”

“சத்தியமாத் தெரியல.”

நிஜமாகவே தெரியவில்லை. யார் கொடுத்தது, எதற்கு வாங்கினேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. முதல் தடவையாக என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது.

“நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தோம்ங்க. புள்ளைக பள்ளிக்கூடத்துல இருக்கு” என்றாள்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். போர்மேன் வேலை போனது. (அடிக்காமல் விட்டதே பெரிது.) அன்றோடு குடியை விட்டேன். நடுக்கம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தேன். கூடவே செல்வியும் அலைந்தாள்.

வருஷங்கள் ஓடின. போன மாதம் மகள் கல்யாணம். குத்துவிளக்கு ஏற்றத் தீப்பெட்டியைக் காணோம். சிவகாசிச் சீமையில் இப்படி ஒரு கேவலம்! என் கொழுந்தியாள் சத்தமாகச் சொன்னாள்:

“எங்க மச்சான் பையில பாருங்க, அங்கனதான் தானா மொளைக்கும்!”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். செல்வியும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு தடவை துழாவிப் பார்த்துக்கொண்டாள்.