காராமணி வேரில் சூனியம்

வேதாவின் மானாவாரிக் கொல்லையில் அன்று தீபத் திருவிழாக் கூட்டம்! ஆட்டோ, டிராக்டர், ஒரு கல்யாண வேன்கூட வந்து நின்றது. என்ன விசேஷம்? சூனியம் எடுக்கிறார்கள். எடுப்பவர் யார்? செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கே குறி சொன்ன முடிச்சுச் சாமியார்!

கம்புக்கு நடுவே காராமணியை ஊடுபயிராக விதைத்திருந்தாள் வேதா. சாமியார் ஒரு காராமணியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வேரெல்லாம் குட்டிக் குட்டி உருண்டைகள்.

"பாத்தீங்களா? ஏவல் முடிச்சு!"

ஒன்றை நகத்தால் நசுக்கினார். உள்ளே சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!" கூட்டம் பின்வாங்கியது. செல்போன்கள் மட்டும் முன்னே வந்தன.

"காராமணி மொத்தத்தையும் புடுங்கி என் வண்டியில ஏத்துங்க. மடத்துல அக்னியில போட்டுடறேன். வுட்டா கம்பைத் தின்னுடும், அப்புறம் ஆளைத் தின்னுடும்."

"நேத்து எங்க கொல்லையில எடுத்தாரு. எவ்ளோ நிம்மதியா தூங்கினேன் தெரியுமா!" என்றாள் பக்கத்துக் கொல்லை பொன்னி.

வேதாவின் மாமனார் காசி வேட்டியை மடித்துக் கட்டினார். வேதா குறுக்கே போய் நின்றாள். போன வருடம் மழை ஏமாற்றிக் கம்பு கருகியது. இந்த வருடமும் ஏமாற்றினால் வீட்டுக்குச் சோறு போடப்போவது இந்தக் காராமணிதான்.

"மாமா, இருங்க! அந்த உருண்டையில இருக்கிற கிருமி காத்துல இருந்து சத்தைப் புடிச்சுச் செடிக்கு எரு குடுக்குது. செவப்பா இருந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ரத்தமே தெரியுது, கிருமிங்கிறியே! சாமி பொய் சொல்வாரா?"

"பாத்துடலாம். சாமி, உங்க மடத்துக்குள்ள சூனியம் வருமா?"

சாமியார் சிரித்தார். "காத்துகூட என்னைக் கேட்டுத்தான் உள்ள வரும்!"

"மடத்து வேலியோரம் காராமணி இருக்குது இல்ல? வாங்க, ஒண்ணு புடுங்கிப் பாப்போம்."

சாமியாருக்குத் திடீரென்று பூஜை நேரம் வந்துவிட்டது. கூட்டத்துக்கோ குஷி! அவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வேன் பறந்தது.

மடத்தில் வேதா ஒரு செடியைப் பிடுங்கினாள். உருண்டை! நசுக்கினாள். சிவப்பு!

"அடடா, சாமிக்கே சூனியம் வெச்சுட்டாங்கப்பா!" என்று கத்தினான் வேன் டிரைவர் அன்பரசன்.

பக்கத்துத் தொழுவத்தில் சாமியாரின் மாடுகள், பொன்னி கொல்லையில் பிடுங்கிய காராமணியை ஆனந்தமாக மென்றுகொண்டிருந்தன.

பொன்னி இடுப்பில் கை வைத்தாள். "அக்னியில போடறேன்னீங்களே சாமி?"

"வயித்துல எரியற ஜடராக்னியும் அக்னிதானேம்மா..."

மடித்துக் கட்டிய வேட்டியைக் காசி இறக்கிவிடவில்லை. சாமியாரைத் துரத்த அதுதான் வசதி.

வேதாவின் காராமணி பிழைத்தது. பொன்னியின் காராமணி சாணியானது. சாமியாரை நம்பிக் கொழுத்தவை அந்த மாடுகள் மட்டுமே. மாடுகூட மோந்து பார்த்துத்தான் வாய் வைக்கிறது. மனுஷனுக்கு என்ன வந்தது?