மாசாணம் கரடியும் ஓய்வு பெறாத துப்பாக்கியும்

ஒரு காட்டில், ஆற்றைப் பார்த்த காவல் மேட்டில், மாசாணம் என்ற கரடி ஹவில்தாராக இருந்தது. அதன் பொறுப்பில் ஒரு கனரக மிஷின் கன். தாத்தா காலத்துச் சாமான். நாலு பேர் பிடித்தால்தான் நகரும். சுட ஆரம்பித்தால் மேடே அதிரும்.

அதை இயக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. எனவே துப்பாக்கிக்கு என்றைக்கு ஓய்வோ, அன்றைக்குத்தான் மாசாணத்துக்கும் ஓய்வு என்று படையில் முடிவு செய்திருந்தார்கள்.

“ஏங்க, இந்த வருஷமாவது வீட்டுக்கு வருவீங்களா?” என்று மனைவி காத்தாயி செல்போனில் கேட்கும்.

“புதுத் துப்பாக்கி வருதாம் புள்ள. வந்ததும் கிளம்பிடுவேன். தேனை எல்லாம் காலி பண்ணிடாதே!”

புதுத் துப்பாக்கியும் வந்தது. ஒல்லியாக, பளபளவென்று இருந்தது. “தானாவே குறி பார்க்கும்” என்று பொறியாளர் குரங்கு பெருமையாகச் சொன்னது. மாசாணம் சந்தோஷமாகப் படுக்கையைச் சுருட்டிக் கட்டியது.

முதல் மழையிலேயே புதுத் துப்பாக்கி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது.

தளபதி காட்டெருமை தலையைச் சொறிந்தது. “பழசே இருக்கட்டும். கொஞ்சம் நவீனப்படுத்திடுவோம்.”

“சார், அதுக்கு ரொம்ப வயசாயிடுச்சு சார்” என்று மாசாணம் கெஞ்சியது. யார் கேட்டார்கள்? இருட்டிலும் தெரிகிற குறிநோக்கி, குலுங்காத புதுத் தாங்கி என்று குரங்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டது. மாசாணம் பெருமூச்சோடு படுக்கையைப் பிரித்துப் போட்டது.

அந்தக் கோடையில் செந்நாய்க் கூட்டம் ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கக் கரையில் மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

“சுடு, மாசாணம்!” என்று தளபதி கத்தியது.

மாசாணம் விசையில் கை வைத்தது. சட்டென்று ஓர் எண்ணம். ‘இப்போ இது மக்கர் பண்ணினால் நாளைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். நான் வீட்டுக்குப் போயிடலாம்.’ மெல்லக் கையை எடுத்தது.

கீழே ஒரு மான்குட்டி சேற்றில் கால் புதைந்து, அம்மா அம்மா என்று கதறியது.

“சே! என்ன பொழப்புடா இது!” என்று மாசாணம் விசையை அழுத்தியது. செந்நாய்களுக்கு முன்னால் ஆற்றுத் தண்ணீர் சுவர்போல் எழுந்தது. அவை வாலைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே ஓடின. மான்குட்டி சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு தாயிடம் போய் ஒட்டிக்கொண்டது.

தளபதி ஓடிவந்து கட்டிப்பிடித்தது. “பிரமாதம்! இந்தத் துப்பாக்கிக்கு இன்னும் இருபது வருஷம் நீட்டிப்பு!”

“துப்பாக்கிக்குச் சரி சார். என் உடம்பு தாங்காதே?”

தளபதி குரங்கைப் பார்த்தது. குரங்கு பையைத் திறந்தது. மூக்குக் கண்ணாடி, முழங்காலுக்குப் பட்டை, காதுக்கு மிஷின். பத்தே நிமிடத்தில் மாசாணமும் நவீனமாகிவிட்டது.

செய்தியைச் சொல்ல வீட்டுக்குப் போன் போட்டது. காது மிஷின் நன்றாகவே வேலை செய்தது. காத்தாயி திட்டிய அத்தனை திட்டும் ஒன்றுவிடாமல் கேட்டது.

நீதி: சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்புகிறவர் எவரையும் காப்பாற்றித் தொலைக்கக் கூடாது.