பட்டினி மாமாவும் பறிபோன கல்கண்டும்

சர்க்கரைக்குப் பட்டினி மாமாவைப் போல ஒரு பரம எதிரி சிதம்பரம் முதல் கடலூர் வரை பிறந்ததில்லை. புற்றுநோய் ஸ்கேனுக்குப் போகிறவர்களைப் புதுச்சேரிக்குக் காரில் அழைத்துப் போவது அவர் தொழில். நிஜப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். கழுத்தில் வந்த கட்டிக்கு ஆறு மாதம் மருந்து ஏற்றியாயிற்று. நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காருக்குச் சொன்ன நிமிடத்திலிருந்து மாமாவின் போன் ஓயவில்லை.

"சார், நாளைக்கு ஸ்கேன். இன்னிக்கு இட்லி, சோறெல்லாம் கம்மி பண்ணுங்க. பாப்பாவ மாடிப்படி ஏற வுடாதீங்க. வேல செய்யிற சதையெல்லாம் ஸ்கேனுக்குப் போடுற மருந்த இழுத்துக்கும்."

"மூச்சு விடலாமான்னு கேளுங்கப்பா" என்றாள் மகள்.

"மெதுவா வுடச் சொல்லுங்க சார்."

டாக்டர் அரைமணி நேரம் சொன்னதை அவர் அரை நிமிடத்தில் புரியவைத்தார். "அந்த நோவு எறும்பு மாதிரி சார். சக்கரைன்னா வுடாது. சக்கரை மாதிரி ஒரு மருந்த ஊசில ஏத்தி, எங்க மொய்க்குதுன்னு படம் புடிப்பாங்க. முன்னாடியே நீங்க சக்கரையப் போட்டுட்டா, எறும்பு வவுறு ரொம்பிப் படுத்துக்கும். படத்துல வராது."

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்ட நான் செய்த காரியத்தைப் பாருங்கள். மறுநாள் காலை கார் கிளம்பும்போது, கோயிலில் அர்ச்சனை செய்து வாங்கி வந்த கல்கண்டை மகள் வாயில் போட்டேன். பிரசாதம் இனிப்பு என்பதே எனக்குத் தோன்றவில்லை.

தெருமுனை தாண்டவில்லை. மாமா கண்ணாடியில் பார்த்தார். பிரேக்.

"பாப்பா, கன்னத்துல என்னா?"

"பிரசாதம் மாமா."

"எந்த சாமி குடுத்தாலும் சக்கரை சக்கரைதான். துப்பு!"

மிச்சப் பொட்டலம் பறிமுதலாகி டாஷ்போர்டுக்குள் போனது. ஸ்கேன் சென்டருக்கு அவரே போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி என் குற்றத்தை அறிவித்தார். "படிச்ச அப்பா மேடம்! கல்கண்டு குடுத்துட்டாரு!"

மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்கள்.

கடலூரில் ஒரு வேப்பமர நிழலில் காரை நிறுத்திக் காத்திருந்தோம். மகளுக்கு வெறும் தண்ணீர். நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

"நீங்க போயி ஒரு டீ குடிங்க சார்."

"நீங்க வரல?"

"ஸ்கேன் அன்னிக்கு எனக்கும் தண்ணிதான். பசியோட ஒரு புள்ள பின்னாடி உக்காந்திருக்கு. நான் டீ வாசத்தோட ஸ்டியரிங் புடிக்கிறதா?"

பட்டினி மாமா என்ற பெயர் எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் டீக்கடைக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.

"மாமா, படத்துல எங்கயும் எறும்பு இல்ல."

போனைக் காதில் வைத்தபடியே அவர் யாரிடமோ கத்தினார்: "யோவ் மாஸ்டர், ஒரு டீ! சக்கரை ஜாஸ்தியா!"

நான் போனை வைக்கவில்லை. அவர் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.