மறைப்பு மை

முள்ளியவளைக்கு அப்பால், காட்டோரக் குடியேற்றம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் பரமலிங்கத்தின் முற்றம் நிரம்பி வழிந்தது. உடையார்கட்டிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். காரணம், மை. அவர் காய்ச்சிய மையை நெற்றியில் பூசிக்கொண்டு வேட்டைக்குப் போனால், வனஜீவராசிகள் அதிகாரிகளின் கண்ணுக்கு ஆளே தெரியாதாம்.

காசு வாங்கமாட்டார். நேர்மையான மனிதர். சுட்ட மரையிலோ மானிலோ ஒரு பின்னங்கால் வனதேவதைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். தேவதைக்கு முன்னங்கால் பிடிக்காது. படையல் பரமலிங்கத்தின் குசினி அடுப்பில் நடக்கும். மிச்சத்தை வத்தல் போடுவதும் தேவதையின் விருப்பம்தான்.

போன மாதம் பிரதாபன் மையோடு போய் அகப்பட்டான். இப்போது மறியல் சிறையில் இருக்கிறான்.

"அவன் தும்மிப்போட்டான்," என்றார் பரமலிங்கம். "மை ஆளைத்தான் மறைக்கும். தும்மலை மறைக்குமோ?"

கூட்டம் தலையாட்டியது. அதன்பிறகு தடிமன் பிடித்தவர்கள் மட்டும் வேட்டைக்குப் போகவில்லை.

இந்த ஞாயிறு அஜந்தன் நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி தயாளினி பின்னாலேயே வந்துவிட்டாள். மறியல் வாசலில் கைக்குழந்தையோடு நின்ற பிரதாபனின் மனைவியைக் கண்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஐயா, இந்த மை உண்மையோ?"

"என்ன பிள்ளை கேக்கிறாய்? ஜீப் முன்னால வந்து நிண்டாலும் அவைக்கு ஆள் தெரியாது."

"அப்ப உங்கட நெத்தியிலயும் பூசுங்கோ. நான் இப்பதான் வனஜீவராசிக்காரருக்குப் போன் எடுத்தனான். வந்துகொண்டிருக்கினம். குசினியில வத்தல் தொங்குது எண்டும் சொல்லிப்போட்டன்."

கூட்டம் அசையவில்லை. மை இருக்கிறதே! பரமலிங்கமும் சிரித்துக்கொண்டு தன் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் கனத்த வாகனமொன்றின் இரைச்சல் கேட்டது.

சிரிப்பு நின்றது. "வத்தலை ஒளியடி!" என்று குசினிப் பக்கம் கத்திவிட்டுப் பின்வேலிக்குப் பாய்ந்தார். முள்ளுக்கம்பியில் இடுப்புச் சாரம் மாட்டியது. சாரத்தை விட்டுவிட்டு ஓடினார். ஆள் மறையவில்லை. அன்றைக்குப் பார்த்த அளவுக்கு ஊர் அவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

வந்தது தண்ணீர் பவுசர்.

"உண்மையாப் போன் எடுத்தனியோ?" அஜந்தன் மெல்லக் கேட்டான்.

"எடுக்கேல்லை. நீங்கள் இனிக் காட்டுக்குப் போனால் கட்டாயம் எடுப்பன்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவளோடு நடந்தான்.

வேலியையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நெளுக்குளத்தில ஒருத்தர் இதைவிட நல்ல மை வைச்சிருக்கிறாராம்."

நெளுக்குளம் பக்கம் போகிற பஸ் இரண்டு மணிக்குத்தான். யோசிக்க விரும்புகிறவர்களுக்கு அதுவரை நேரம் இருக்கிறது.