ஏறாவூர் மாப்பிள்ளையும் கண்ணுக்குத் தெரியாத சாமானும்

காத்தான்குடி

அன்பின் மச்சான் பாறூக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயில் உங்களை வாட்டாமல் அல்லாஹ் காப்பானாக. இங்கே உங்கள் தங்கச்சி நஸீறாவும் மகள் நிஸ்றாவும் நல்ல சுகம். எனக்கு உடம்பு சுகம், மனதுதான் சரியில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நஸீறா பார்த்துவிடுவாள் என்பதால், அங்கே வரும் ஆளிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

நிஸ்றாவுக்கு ஏறாவூர் பஹ்மியைப் பேசியிருக்கிறோம் அல்லவா, பல்கலைக்கழகக் கெம்பஸில் படிப்பிக்கிறவர். நம்மட வழக்கப்படி வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நானும் நஸீறாவும் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். அந்தாள் முன்வீட்டில் வந்து இருக்கப் போகிறார். இருக்கிறது ஒரே பிள்ளை, ஒரே வீடு. ஆள் யாரென்று பார்க்காமல் கொடுக்க ஏலுமா? பெண் பார்க்க வந்த அன்று, என்ன ஆராய்ச்சி செய்றீங்க மகன் என்று கேட்டேன். "கரும்பொருள் சூழ்ந்த கருந்துளையச் சுத்தித் துணிக்கைகள் எப்படி ஓடுது எண்டு பாக்கிறன் மாமா" என்றார். துளையைக் கண்டிருக்கிறீங்களா என்றேன். "இல்ல மாமா, அதுக்குள்ள போன வெளிச்சமே வெளிய வராது." அந்தக் கரும்பொருள்? "அதையும் ஒருத்தரும் கண்டதில்ல. சுத்தி ஓடுறதெல்லாம் வளைஞ்சு போற விதத்த வெச்சு, அது இரிக்கி எண்டு கணக்குப் போடுறம்." காணாத துளை, அதைச் சுற்றிக் காணாத சாமான், அதற்குள் ஓடுகிற தூசு. என்ட பிடவைக் கடையில் இப்படி வியாபாரம் செய்தால் என்னைப் பொலிஸில் பிடித்துக் கொடுப்பார்கள். உங்கள் தங்கச்சியோ நல்ல படிப்பு என்று அவருக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைக்கிறாள்.

மறுநாளே ஏறாவூருக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமல் விசாரித்தேன். தேத்தண்ணிக் கடையில் கேட்டேன், சலூனில் கேட்டேன், பள்ளிவாசல் முஅத்தினாரிடமும் கேட்டேன். நான் வந்ததைச் சொல்ல மாட்டோம் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். எல்லாரும் "தங்கமான புள்ள" என்கிறார்கள். ஊரே ஒரே மாதிரிச் சொன்னால் அதில என்னவோ இரிக்கி மச்சான். பிறகு மறைந்து நின்று பார்த்தேன். அவர் கடைக்குள் நுழைந்ததும் கதை நின்றுபோகிறது, சலூன்காரர் எழும்பிக் கதிரையைத் துடைக்கிறார். படிப்பிக்கிற மனிசனுக்கு என்னத்துக்கு இவ்வளவு பயம்? இன்னொரு நாள் கல்லடிப் பாலத்தில் தனியாக நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைச் சந்திக்க நிற்கிறார் என்று பார்க்க ஹெல்மெட்டோடு மீன் வியாபாரியின் பெட்டிக்குப் பின்னால் குந்தினேன், என்ட வெள்ளைச் சேர்ட்டெல்லாம் மீன் தண்ணி. ஒருவரும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம்.

ஆகவே, தாய்மாமனான நீங்கள் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சை நஸீறா தட்டமாட்டாள். நிஸ்றாவுக்கு அவரைப் பிடித்திருக்கிறது; அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

உங்கள் அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
மச்சான் அப்துல் மஜீத்

பி.கு.: கத்தாருக்கு வரும் ஆள் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார், வேறு எழுத நேரமில்லை. சற்று முன் பஹ்மி கடைக்கே வந்துவிட்டார். "மாமா, என்னைக் கண்டா கடையில கதை நிக்கிது, சலூன்காரர் எழும்புறார், முஅத்தினார் சிரிக்கிறார். எல்லாரும் வழமையான பாதைய விட்டு வளையிறாங்க எண்டா, கண்ணுக்குத் தெரியாம ஒரு பாரமான சாமான் சுத்தி இரிக்கி எண்டு கணக்குப் போட்டன். அது நீங்கதான். பாலத்தடியில மட்டும் கணக்குத் தேவைப்படல்ல, ஹெல்மெட் தெரிஞ்சுது" என்றார். நான் பின்வளவு வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிக்காஹ்வுக்கு லீவு கேளுங்கள். அங்கே படித்தவர் யாராவது இருந்தால், கருந்துளை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று மெதுவாக விசாரியுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.